எண்பத்தேழில் ஒரு பங்கு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, கைப்பிடியில் பசை காய்கிறது. இந்த ஸ்டூலில் உட்கார். பையை மடியில் வைத்துக்கொள், மேசையில் வைக்காதே. அங்கே எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்கிறது.

மங்களம், இரண்டு காபி! பிரகாசத்தின் பெண் வந்திருக்கிறாள்.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். போனில் சொன்னாயே. அப்பா செய்த குட்டி ரயில் கார்டு வண்டி வேண்டும், அதிலிருந்த சீட்டும் வேண்டும், எப்படிக் கொடுத்தாரோ அப்படியே வேண்டும். தருகிறேன். தரமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? எட்டு மாதமாக அவன் வந்து கேட்கவில்லை, நான் தூசி படாமல் வைத்திருக்கிறேன். ஆனால் 'அப்படியே' என்கிறாய் பார், அதுதான் இடிக்கிறது. கொண்டு வந்தபோது அது தப்பும் தவறுமாக இருந்தது. தப்பை அப்படியே திருப்பிக் கொடுப்பது என்னால் ஆகாத காரியம். முப்பத்தாறு வருடம் அதற்காகத்தான் சம்பளம் வாங்கினேன்.

ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர். என்றால் என்னவென்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். யார்டிலிருந்து ஒரு சரக்கு வண்டி புறப்படுவதற்கு முன்னால் சுத்தியலும் டார்ச்சுமாக அதன் நீளத்துக்கும் ஒருவன் நடப்பான். சக்கரம், வேகனோடு வேகனைக் கோக்கும் கப்ளிங், பிரேக் எல்லாம் பார்ப்பான். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்து இல்லாமல் டிரைவர் விசில் கூட ஊத முடியாது. ஏதாவது ஒரு வேகன் சரியில்லை என்றால் அதற்கு 'சிக்', அதாவது நோயாளி, என்று சீட்டு எழுதி, வேகனின் இடுப்பில் இருக்கும் சின்னச் சட்டத்தில் செருகுவான். வெள்ளைச் சீட்டு, குறுக்கே சிவப்புக் கோடு. சீட்டு விழுந்த வேகன் ரிப்பேருக்குப் போகும், பயணம் போகாது. அவ்வளவுதான். அந்த மனிதன் நான். நான் பேசினால் பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று யார்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். பேப்பர் மாதிரிப் பேசியவன் ஒருநாளும் வார்த்தையில் மாட்டிக்கொள்ளவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு இந்த மினி ரயில் சங்கத்தில் சேர்ந்தேன். இருபத்திரண்டு பேர். பல் டாக்டர் இருக்கிறார், ஜவுளிக்கடைக்காரர் இருக்கிறார், பேங்கில் ஓய்வுபெற்றவர்கள் கணக்கில்லாமல் இருக்கிறார்கள். கிட் என்று ஒரு பெட்டியில் வரும். பித்தளைத் தகடு, பிசின் வார்ப்பு, சக்கரம், ஸ்டிக்கர். வெட்டி, மடித்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஒரு வேகன். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தண்டவாளத்து அகலத்தைக் கணக்குப் போட்டால் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், இவர்கள் பதினாறரையில் ஓட்டுகிறார்கள். சொன்னேன். "சார், உலகம் பூரா அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார் பல் டாக்டர். உலகம் பூரா பல் விளக்காமல் இருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டேன். அன்றைக்கே என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

நடுவர் வேலை சுலபமில்லை அம்மா. ஒவ்வொரு ஜனவரியும் கண்காட்சி, போட்டி. எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், ஓய்வுபெற்றவர், கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருடம் உட்கார்ந்து நிலக்கரி வேகன் செய்தார். பக்கப்பலகையில் ரிவெட் எண்ணினேன். இருபத்து மூன்று. அசலில் இருபத்தேழு. மைக்கில் சொன்னேன். டீச்சர் அழுதார். அழுதால் ரிவெட் கூடிவிடுமா? அடுத்த வருடம் அவர் வரவில்லை, சங்கத்தின் தரம் கொஞ்சம் உயர்ந்தது.

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள். என்ன மங்களம், பெண்ணின் முகத்தைக் கூடப் பார்க்காமல் உள்ளே போகிறாய்? இவள் இப்படித்தான். டீச்சர் அழுத அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காரணம் கேட்டால் சொல்லமாட்டாள்.

உன் அப்பாவுக்கு வருவோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்தில் சேர வந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வாத்தியார் என்றான். கையைப் பார்த்தேன், வேலை தெரிந்த கை. கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் சூசைமாணிக்கம் கார்டு மகன் சார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்" என்றான்.

ஞாபகம் இல்லாமல் என்ன? ஆனால் நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன். அவன் தோளில் தட்டி, "அதெல்லாம் பழைய கதைப்பா. நான் மனசுல வெச்சுக்கல" என்றேன். அவன் படியிறங்கிப் போனான். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

இரண்டு வருடமும் என்னிடம்தான் கேட்டான். கார்டு வண்டிக் கிட் வாங்கியிருந்தான், சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு ஏறிப்போகும் பெட்டி, கை பிரேக் அதில்தான் இருக்கும். கிட்டில் வருவது வெறும் கூடு. உள்ளே ஒன்றும் இராது, அடியில் பிரேக் என்று ஒரு வார்ப்பை ஒட்டச் சொல்வார்கள். இவன் அந்த வார்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தான். வாரம் ஒரு கேள்வியோடு வருவான். "கை பிரேக் சக்கரத்துல இருந்து ராடு எப்படி சார் கீழ போகும்?" என்பான். வரைந்து காட்டுவேன். "ராடையும் லீவரையும் எது சார் சேர்க்குது?" ஒரு பின் சேர்க்கிறது, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தடிமன் என்பேன். "அந்தப் பின் இல்லன்னா?" பின் இல்லை என்றால் மேலே சக்கரம் சுற்றும், கீழே ஒன்றும் நகராது, குழந்தைக்குக் கூடத் தெரியுமே என்பேன். "கொழந்தைக்குத் தெரியும் சார்" என்பான். எழுதிக்கொள்வான். இவ்வளவு சிரத்தையான மாணவன் எனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்தேன். எப்படி ஏமாந்தேன் பார்.

போன ஜனவரி, போட்டி நாள். கல்யாண மண்டபத்தில் நடந்தது. உன் அப்பா கைக்குட்டையைப் பிரித்து வண்டியை மேசையில் வைத்தான். நான் பொய் சொல்லமாட்டேன், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பழுப்புச் சிவப்பு பெயின்ட், புகை படிந்த கூரை, ஜன்னலுக்கு உள்ளே பெஞ்சு, விளக்கு. வராந்தாவில் வெள்ளை யூனிஃபார்மில் ஒரு கார்டு, விரற்கடை உயரம், இரண்டு கையாலும் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அசல் நம்பர் போட்டிருந்தான். அந்த நம்பர் வண்டியை எனக்குத் தெரியும். வேலையில் அப்படி ஒரு நேர்த்தி. இருபத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். பல் டாக்டர் போட்டோ எடுத்தார்.

"சார், பிரேக்கைத் திருப்பிப் பாருங்க" என்றான்.

கிடுக்கியால் அந்தச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். அழகாகச் சுற்றியது. லென்ஸ் வைத்துக் கீழே பார்த்தேன். பிரேக் கட்டை அசையவில்லை.

"புடிக்கல" என்றேன்.

"ஏன் புடிக்கல சார்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

மைக் என்னிடம் இருந்தது. சொன்னேன். "பின்னே போடலியே தம்பி! கிட்டுல குடுத்திருப்பான், நீ எங்கயாச்சும் தொலைச்சிருப்பே. ஃபிட்டர் வாத்தியாரு, பசங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை. "பக்கத்துல ஒரு சீட்டு இருக்கு சார். அதைப் படிங்க" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். இடுப்புச் சட்டத்தில் 'சிக்' சீட்டு. அசல் ஆறு அங்குல நீளம் என்றால் இது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். சிவப்புக் கோடு இருந்தது. பெரிதாக எழுதி, குறைத்து அச்சடித்திருக்கிறான். லென்ஸில் எழுத்துத் தெரிந்தது. 'கை பிரேக் பின் இல்லை.' கீழே ஒரு தேதி.

உனக்கு இந்தத் தப்பு புரிகிறதா? புரியாது, சொல்கிறேன். அவன் அந்த வண்டியைப் போட்டிக்கு எந்தப் பிரிவில் பதிந்திருந்தான்? 'ஓடும் வண்டி' பிரிவில். ரயிலின் வாலில் மாட்டி ஓட்ட வேண்டும். சீட்டு விழுந்த வண்டி ஓடும் வண்டியில் இருக்கவே முடியாது. நின்றுகொண்டிருக்கும் வண்டி என்று பதிந்திருந்தால் பேச்சே இல்லை. எவ்வளவு அடிப்படையான பிழை! கார்டு மகன்!

கிடுக்கியால் சீட்டை உருவினேன். "இது இருந்தா வண்டி போகாது தம்பி. இப்ப போகும்" என்று சொல்லி, சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உன் அப்பா முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. "அதே பாக்கெட்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "அப்பா சொன்ன மாதிரியே. அதே பாக்கெட்." பிறகு கொஞ்சம் உரக்க, "சார், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு சீட்டு இருந்துச்சா, இல்லையா? இவங்க முன்னாடி சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றான்.

நான் மைக்கில் சொன்னேன், "போட்டியைப் பத்தி மட்டும் பேசலாம். நூத்துக்கு நாப்பத்தொண்ணு."

அவன் வண்டியை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். செருப்பைக் கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனான், ஜவுளிக்கடைக்காரர் செருப்பை.

நீ ஏன் அம்மா காபியைக் குடிக்காமல் வைத்திருக்கிறாய்? ஆறுகிறது.

அந்தப் பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கேட்டதாக ஆகும். எண்பத்தாறு, ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை. கோதுமை வண்டி ஒன்று மத்தியானம் கிளம்ப வேண்டும். யார்டில் இருந்தது அந்த ஒரே ஒரு கார்டு வண்டிதான். கன்ட்ரோல் ஆபீசில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன். "கனகசபாபதி, உன் ஒருத்தனால அம்பது வேகன் நிக்குது!" நான் கையெழுத்துப் போட்டேன். உன் தாத்தா வந்தார். ஏறும் முன்னால் என்னிடம், "சார், காலைல இதுல சீட்டு பாத்தேனே?" என்றார்.

"இப்ப இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்."

"அப்ப ஏறுங்க."

ஏறினார். கல்லூத்து ஏற்றத்தில் கப்ளிங் அறுந்து, கடைசி ஒன்பது வேகனும் கார்டு வண்டியும் தனியாக நின்றுவிட்டன. வாக்குவம் பிரேக் தானாக விழும், ஆனால் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும், காற்று ஏற ஏறத் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு கார்டு கை பிரேக்கைப் போட்டுத்தான் நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தவில்லை. பத்தும் பின்னால் உருண்டு வந்து, ஓடிப்போகும் வண்டியை நிறுத்தப் போட்ட மணல் மேட்டில் மோதி ஏறின. மனிதர் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. கடைசி வரை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வண்டியில் பிரேக் சக்கரம் முழுக்கச் சுற்றப்பட்டிருந்தது என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். மோதின வேகத்தில் தானாகச் சுற்றியிருக்கலாம் என்று விளக்கினேன். பின்னைக் காணோம் என்றார்கள். மோதின வேகத்தில் தெறித்திருக்கலாம் என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

விசாரணையில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "வண்டி புறப்படும்போது சீட்டு இருந்ததா?" நான் சொன்ன பதில்: "இல்லை." இதில் எங்கே பொய்? புறப்படும்போது இல்லைதானே? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். காலையில் இருந்ததா என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். உன் தாத்தா கட்டையை ஊன்றிக்கொண்டு நின்று, "காலைல சீட்டு இருந்துச்சுங்க, இவரு உருவி சட்டைப் பையில போட்டதைப் பாத்தேங்க" என்று அதையே பத்துத் தரம் சொன்னார். எந்தச் சீட்டு, என்ன எழுதியிருந்தது, காட்டு என்றார்கள். காட்ட முடியவில்லை. கார்டு பிரேக் போடாததுதான் காரணம் என்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவும் விதிப்படி நடந்தது. நான் வண்டி எடுத்துத் தருவதாகக் கூடச் சொன்னேன், சாமான் ஏற்ற. வேண்டாம் என்றுவிட்டார்.

ஏழு வருடம் கழித்துச் செத்துப்போனார். கடைசி மூச்சு வரைக்கும் சீட்டு, சீட்டு என்றுதான் சொன்னாராம். உன் அப்பா மூன்று தரம் மனுப் போட்டான், பழைய கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இதெல்லாம் அவனே சொன்னதுதான். இப்போது அவன் வேலைக்கும் போவதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று போனில் சொன்னாய். நாற்பத்தொன்று வாங்கியதற்கா இவ்வளவு? எஸ்தர் டீச்சருக்கு முப்பத்தெட்டுதான் கொடுத்தேன்.

சரி, வண்டியைப் பார். இதோ. கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறேன், மூச்சு விடாதே.

எப்படி இருக்கிறது? பின் போட்டுவிட்டேன். வீணைத் தந்தியில் ஒரு துண்டு, கனம் கச்சிதம். இப்போது சக்கரத்தைத் திருப்பினால் பிரேக் பிடிக்கும், பார், பார், கட்டை நகர்கிறது இல்லையா? சீட்டுச் சட்டம் காலி. கார்டையும் சரிசெய்துவிட்டேன். ஓடுகிற வண்டியில் அவர் எதற்கு வராந்தாவில் நிற்க வேண்டும்? பெயர்த்து எடுத்தேன். உட்கார வைக்கக் கால் இடித்தது. முழங்காலில் அறுத்து, மடக்கி, பெஞ்சில் ஒட்டினேன். ஒரு கால் கீழே விழுந்து எங்கேயோ போய்விட்டது, மேசைக்கு அடியில் தேடினேன், கிடைக்கவில்லை. ஜன்னல் வழியாக அது தெரியாது. மனிதர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கத்து வண்டியின் வாலில் ஓடுகிறது. ஒரு தரம் கூட அறுந்துகொள்ளவில்லை.

அழாதே அம்மா. கண்ணீர் பட்டால் பெயின்ட் பூத்துப்போகும்.

சீட்டா? இருக்கிறது. எந்தச் சின்ன உதிரியையும் நான் தூக்கிப் போடுவதில்லை. இதோ, இந்த மாத்திரை டப்பியில். வைத்துக்கொள், ஆனால் வண்டியில் செருகாதே. செருகினாலும் அது சரியாக இராது. ஓடும் வண்டி, நிற்கும் வண்டி என்பதை விடு, சீட்டிலேயே பிழை இருக்கிறது. வாசகம் தப்பு.

என்ன கேட்டாய்?

வாசகம் தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நல்ல கேள்வி! இருபத்திரண்டு பேர் இருந்த சபையில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. உன் அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும். இருந்ததா இல்லையா, இருந்ததா இல்லையா என்று அதிலேயே நின்றுவிட்டான். உனக்கு மூளை இருக்கிறது. இரு, வருகிறேன். அந்த பிஸ்கட் டின்னை எடுக்க வேண்டும், மேல் தட்டில்.

உள்ளேயிருந்து என்ன சொல்கிறாள்? "வேணாங்க" என்கிறாளா? அவளுக்கு இந்த விஷயத்தில் நுட்பம் போதாது. எண்பத்தாறிலேயே இதை அடுப்பில் போடு, இல்லாவிட்டால் கொண்டுபோய்க் கொடு, இரண்டில் ஒன்றைச் செய் என்று உயிரை வாங்கினாள். அடுப்பில் போடுவதா? நான் எழுதிய காகிதம் ஒன்றையும் நான் அழித்ததில்லை. கொடுப்பதா? யாரும் கேட்கவில்லையே.

இதோ. பார். அசல்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன், லென்ஸை நீ பிடி. காகிதத்தின் பழுப்பு நிறம், சிவப்புக் கோட்டின் சாய்வு, வண்டி நம்பர், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். அப்பா வாயால் சொல்லக் கேட்டே செய்திருக்கிறான் என்றால் மெச்சத்தான் வேண்டும். ஆனால் வாசகத்தைப் பார். அவன் என்ன எழுதினான்? 'கை பிரேக் பின் இல்லை.' நான் என்ன எழுதியிருக்கிறேன்? 'கை பிரேக் பின் பாதிக்கு மேல் தேய்ந்துள்ளது. மாற்றாமல் வண்டியில் சேர்க்கக் கூடாது.' கீழே என் கையெழுத்து, கனகசபாபதி. தேதி, பதினொன்று ஏழு எண்பத்தாறு. நேரம், காலை ஏழு பத்து. தேய்ந்தது வேறு, இல்லாமல் போவது வேறு. தேய்ந்த பின்னைக் காட்ட வேண்டுமென்றால் தந்தியை அரத்தால் பாதி இழைத்துப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் நான் நாற்பத்தைந்து கூடக் கொடுத்திருப்பேன்.

போட்டோவா? எடு, தாராளமாக எடு. இங்கே வெளிச்சம் போதாது, ஜன்னல் பக்கம் கொண்டுபோ. ஓரத்தைப் பிடி, நடுவில் தொடாதே, முப்பத்தெட்டு வருடக் காகிதம். போனை ஆட்டாதே. ஆடினால் எழுத்து விழாது. இன்னொன்று எடு. வாசகம், கையெழுத்து, தேதி மூன்றும் சேர்ந்து வருகிற மாதிரி எடு.

விழுந்துவிட்டதா? காட்டு. பிரமாதம், ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது.

போய் உன் அப்பாவிடம் காட்டு. எங்கே தப்புச் செய்தோம் என்று அவனுக்கே தெரியட்டும்.